நோவின்றி நழுவும் சிசு: கருப்பைக் கழுத்துப் பலவீனம் பற்றி அறிந்துகொள்வோம்

ஒரு பெண்ணுக்கு இரண்டாவது, மூன்றாவது தடவையும் ஐந்தாம் மாதத்தில் பிள்ளை தவறிவிட்டால் ஊரில் என்ன பேச்சு எழும் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். “அவளுக்குப் பிள்ளை தங்காது” என்பார் ஒருவர். “சொல்லக் கேளாமல் தண்ணிக்குடம் தூக்கினவள்” என்பார் மாமியார். “ஓடுப்பட்டுத் திரிஞ்ச உடம்பு, அது எப்பிடித் தாங்கும்?” என்பார் அயல் வீட்டு ஆச்சி. “கண்ணூறு” என்று சொல்லி நூல் கட்டுவோரும் உண்டு. இத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தத் தாய், தான்தான் தன் பிள்ளையைக் கொன்றுவிட்டோமோ என்று இரவில் தனியே அழுவாள்.

இந்தப் பேச்சுக்களில் பெரும்பாலானவை தவறானவை. நோவில்லாமல் நடுமாதங்களில் நிகழும் இத்தகைய இழப்புக்கு உடலில் ஒரு காரணம் இருக்கலாம். அதற்கு ஒரு பெயர் உண்டு. அடுத்த பிள்ளையைக் காப்பாற்ற வழிகளும் உண்டு. அதைத்தான் கருப்பைக் கழுத்துப் பலவீனம் என்கிறார்கள். இது நூறு கர்ப்பங்களில் ஒன்றுக்கும் குறைவாகவே ஏற்படுவது. ஆகையால் எல்லாத் தாய்மாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அது எந்த வீட்டில் நேர்கிறதோ, அந்த வீட்டில் திரும்பத் திரும்ப நேரக்கூடியது என்பதால் நாம் இதை அறிந்திருக்க வேண்டும்.

கருப்பைக் கழுத்து என்றால் என்ன?

கருப்பையைக் கவிழ்த்து வைத்த சுரைக்காய்க் குடுவையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒடுங்கிய வாய்ப்பகுதிதான் கருப்பைக் கழுத்து. கர்ப்பத்தின் நடுமாதங்களில் இது பொதுவாக மூன்று, நான்கு சென்ரிமீற்றர் நீளம் இருக்கும். உறுதியான நார்களால் ஆனது. அதன் துவாரத்தைச் சளி போன்ற ஒரு பொருள் அடைத்திருக்கும். இந்த அடைப்பு கீழிருந்து கிருமிகள் மேலே ஏறாமலும் தடுக்கிறது.

எமது குளங்களுக்குத் துருசு எப்படியோ, கருப்பைக்குக் கழுத்து அப்படி. மழை பெய்யப் பெய்யக் குளத்தில் நீரின் பாரம் கூடுகிறது. திறக்க வேண்டிய நாள் வரும்வரை துருசுக் கதவு இறுக நிற்க வேண்டும். கருப்பையிலும் மாதம் ஏற ஏறச் சிசுவும் பன்னீர்க்குடமும் பாரமாகின்றன. கழுத்து கடைசிவரை மூடியிருந்து, நாள் நெருங்கும்போது மென்மையாகி, பிரசவ நோவுடன் விரிய வேண்டும். இதுவே இயற்கையின் ஒழுங்கு.

சிலருக்கு இந்தக் கழுத்து நான்காம், ஐந்தாம், ஆறாம் மாதங்களிலேயே நோவில்லாமல் குறுகி, மென்மையாகி, விரிந்துவிடுகிறது. பன்னீர்க்குடம் அதன் வழியே கீழிறங்கி உடைகிறது. உயிரோட்டமான சிசு, உலகில் வாழும் பருவம் வருமுன்னரே வெளியே வந்துவிடுகிறது. துருசு பழுதான குளத்தில் நீர் போய்விட்டால் விதைநெல்லைக் குறைசொல்ல முடியாது அல்லவா? இங்கும் பிள்ளையில் குறையில்லை. பெரும்பாலும் தாயின் செயலிலும் குறையில்லை.

எல்லாக் கருச்சிதைவும் ஒன்றல்ல

முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழும் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை கருவின் நிறமூர்த்தங்களில் ஏற்படும் கோளாறினால் நிகழ்பவை. அவற்றுக்கும் கழுத்துப் பலவீனத்துக்கும் தொடர்பில்லை.

நடுமாத இழப்புக்கும் பல காரணங்கள் உண்டு. காய்ச்சலோடு வந்த இழப்பு வேறு. மிகுந்த குருதிப்போக்கோடு வந்தது வேறு. சிசு வயிற்றிலேயே இறந்து பின்னர் வெளிவந்தது வேறு. 1990களில் வன்னியில் மலேரியா மிகுந்திருந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணிக்கு மலேரியா வந்தால் கரு சிதையலாம். அக்காலத்தில் பிள்ளையை இழந்த சிலருக்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆயினும் அக்கால இழப்பைப் பற்றி வைத்தியரிடம் கூறும்போது காய்ச்சல் இருந்ததா என்பதையும் சொல்ல வேண்டும்.

கழுத்துப் பலவீனத்தின் தனி அடையாளம் இதுதான்: பெரிதாக நோவில்லை, காய்ச்சலில்லை, குருதியும் அதிகமில்லை, ஆனால் பிள்ளை வந்துவிட்டது.

காரணங்களும் ஆபத்தைக் கூட்டுபவையும்

முதலாவது, முன்னைய காயங்கள். கடினமான பிரசவத்தில் கருப்பைக் கழுத்து கிழிந்து, அந்தக் கிழிவு கவனிக்கப்படாமல் விடப்பட்டால் அது பின்னர் பலமிழக்கலாம். பங்கரிலும் தறப்பாள் கொட்டிலிலும் பாதையோரத்திலும் பிள்ளை பெற்ற தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள். அவ்வேளைகளில் கிழிவைப் பார்த்துத் தைப்பதற்கு எவரும் இருந்திருக்க மாட்டார்கள். அதேபோல, கருச்சிதைவின் பின் கருப்பையைச் சுத்தம் செய்யும்போது கழுத்தைக் கருவியால் விரிக்க நேர்ந்தால், குறிப்பாக அது பல தடவை செய்யப்பட்டிருந்தால், நார்கள் பாதிக்கப்படலாம். பயிற்சியற்றவர்கள் மறைவாகச் செய்யும் கருக்கலைப்பு இன்னும் ஆபத்தானது. கழுத்து முழுவதும் விரிந்து, தாய் முக்கத் தொடங்கிய பின்னர் அவசரமாகச் செய்யப்பட்ட சிசேரியன் சத்திரசிகிச்சையும் சில தாய்மாரில் அடுத்த கர்ப்பத்துக்கு ஆபத்தைக் கூட்டுகிறது.

இரண்டாவது, கருப்பைக் கழுத்தில் செய்த சிகிச்சை. புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களை அகற்றுவதற்காகக் கழுத்தின் ஒரு பகுதியைக் கூம்பு வடிவில் வெட்டி எடுப்பார்கள். எவ்வளவு ஆழமாக வெட்டப்பட்டதோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும். இதைக் கேட்டு எவரும் புற்றுநோய்ச் சோதனைக்குப் போகாமல் விடக்கூடாது. கழுத்திலிருந்து மாதிரி எடுக்கும் சாதாரண சோதனை அதைப் பலவீனப்படுத்துவதில்லை.

மூன்றாவது, பிறவியில் வரும் அமைப்பு. சில பெண்களுக்குக் கருப்பை இரண்டாகப் பிரிந்தோ, நடுவில் ஒரு தடுப்புடனோ பிறவியிலேயே அமைந்திருக்கும். வேறு சிலருக்கு உடலின் நார்களுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் பிறவியிலேயே குறைபாடானது. அவர்களுடைய மூட்டுக்கள் அளவுக்கு மீறி வளையும், தோல் இழுபடும், சிறு அடிக்கும் கண்டிப்போகும். இத்தகையோரின் கழுத்தும் இளக்கமாக இருக்கலாம்.

நான்காவது, மேலிருந்து வரும் பாரம். இரட்டைப் பிள்ளைகள் இருந்தாலும் பன்னீர் அளவுக்கு மீறி இருந்தாலும் கருப்பை மிகுதியாக விரிந்து, கழுத்து நேரத்தோடு குறுகலாம். இது உண்மையான பலவீனம் அல்ல. ஆனால் முடிவு ஒன்றாக இருக்கலாம்.

ஐந்தாவது, தொற்று. கீழிருந்து ஏறும் கிருமிகள் பன்னீர்க்குடத்தின் சவ்வைத் தாக்கினால் கழுத்து மென்மையாகித் திறக்கலாம். சில வேளைகளில் கழுத்து முதலில் திறந்து, அதன் பின் கிருமி ஏறுகிறது. எது முந்தியது என்று வைத்தியர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாத சந்தர்ப்பங்கள் உண்டு. துர்நாற்றமான வெள்ளைபடுதல், சிறுநீர் எரிவு ஆகியவற்றை வெட்கப்பட்டு மறைக்காமல் சிகிச்சை பெறுவது இதனாலேயே அவசியம்.

ஆறாவது, முன்னைய இழப்பு. ஒரு தடவை நோவில்லாமல் நடுமாதத்தில் பிள்ளையை இழந்தவருக்கு, அல்லது மிக முந்திப் பிரசவித்தவருக்கு, மீண்டும் அப்படி நிகழும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக உள்ளது. எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை இதுதான்.

இவை எவையும் இல்லாமலும் சிலருக்கு இது வருகிறது. காரணம் தெரியாத இழப்பு தாயின் குற்றத்தால் வந்த இழப்பு ஆகாது.

எவை காரணம் அல்ல?

தண்ணீர்க்குடம் தூக்கியதோ, வயலில் நாற்று நட்டதோ, சைக்கிளில் போனதோ, மூட்டை சுமந்து இடம்பெயர்ந்ததோ உறுதியான கருப்பைக் கழுத்தைப் பலவீனமாக்குவதில்லை. பப்பாசிப் பழத்தாலோ அன்னாசியாலோ இது வருவதில்லை. கணவன் மனைவி உறவாலும் வருவதில்லை. கண்ணூறும் செய்வினையும் இதற்குக் காரணம் அல்ல.

இப்படிச் சொல்வதால் கர்ப்பிணியைப் பாரம் சுமக்க விடலாம் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. கர்ப்பிணிக்கு ஓய்வும் சத்துணவும் உதவியும் வேண்டும். அது வீட்டாரின் கடமை. நாம் சொல்வது, பிள்ளை தவறிய பின் அந்தத் தாயின் வேலையைச் சுட்டி அவர்மேல் பழி போடுவது தவறு என்பதைத்தான்.

தொலைந்துபோன அட்டைகள்

கழுத்துப் பலவீனத்தைக் கர்ப்பமில்லாத காலத்தில் உறுதியாகக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இல்லை. இரத்தச் சோதனையிலும் தெரியாது. வைத்தியருக்குக் கிடைக்கும் முதன்மையான சான்று தாயின் முன்னைய கர்ப்பங்களின் வரலாறுதான். எந்த மாதத்தில், எப்படி, எந்த அறிகுறியோடு பிள்ளை போனது என்பதில்தான் அடுத்த பிள்ளையின் உயிர் தங்கியிருக்கிறது.

எமது மக்களின் சிக்கலும் இங்கேதான். 1995, 1996ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்தோர், 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால்வரை நகர்ந்து பின் மனிக் பாம் முகாம்களில் இருந்தோர், 2018 டிசெம்பர் வெள்ளத்தில் வீட்டைவிட்டு வெளியேறியோர் எனப் பல குடும்பங்கள் உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவை. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழோடு கிளினிக் அட்டைகளும் தொலைந்தன. புதிய இடத்தில் குடும்பநல உத்தியோகத்தர் “இது எத்தனையாவது பிள்ளை?” என்று கேட்கும்போது, இழந்ததை நினைக்க விரும்பாமல் “இதுதான் முதல்” என்று சொல்லும் தாய்மார் உண்டு. அவர்களின் வேதனையை நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆயினும் அந்த ஒரு சொல்லால் வைத்தியரின் கையிலிருந்த ஒரே சான்றும் போய்விடுகிறது.

அட்டை இல்லாவிட்டால் ஒரு கொப்பித்தாளே போதும். கீழுள்ள கேள்விகளுக்குத் தெரிந்ததை எழுதி வையுங்கள். எழுத இயலாதவருக்கு மகளோ கணவரோ எழுதிக் கொடுக்கலாம். திகதி தெரியாவிட்டால் “காலபோக வெட்டுக் காலம்”, “முகாமுக்கு வந்து இரண்டாம் மாதம்” என்று குறித்தாலும் பயன் உண்டு.

1. மொத்தம் எத்தனை தடவை கர்ப்பமானீர்கள்? ஒவ்வொன்றும் எத்தனையாம் மாதம்வரை நின்றது?
2. இழப்பு நேர்ந்தபோது முதலில் வந்தது எது: நோவா, குருதியா, நீரா?
3. நோவு எவ்வளவு நேரம் இருந்தது? கடுமையாக இருந்ததா, இலேசாகவா?
4. பிள்ளை பிறந்தபோது உயிர் இருந்ததா? அசைந்ததா?
5. அவ்வேளை காய்ச்சல், நடுக்கம், துர்நாற்றமான கசிவு இருந்ததா?
6. பின்னர் கருப்பை சுத்தம் செய்யப்பட்டதா? முன்னரோ பின்னரோ கழுத்தில் சத்திரசிகிச்சை, தையல், கடினமான பிரசவம் ஏதும் உண்டா?

இத்தாளைக் கர்ப்பம் தெரிந்தவுடனேயே, இரண்டாம் மாதம் முடியுமுன், உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். மகப்பேற்று நிபுணரிடம் அனுப்பும்படி கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளே எமது பகுதியின் பெரிய வைத்தியசாலைகள். மற்றவர் முன்னிலையில் பழைய இழப்பைச் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனியே பேச வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

வைத்தியர் என்ன செய்வார்?

வரலாற்றைக் கேட்டபின், பொதுவாக 16 முதல் 24 கிழமைகளுக்குள், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கான் மூலம் கழுத்தின் நீளத்தை அளப்பார்கள். இது நோவு தராது; பிள்ளைக்கும் கெடுதலில்லை. முன்னர் இழப்பைச் சந்தித்த தாய்க்கு 24 கிழமைக்கு முன் இந்த நீளம் 25 மில்லிமீற்றரை விடக் குறைந்தால் ஆபத்து உண்டு என்று கொள்வார்கள்.

சிகிச்சைகளில் முக்கியமானது கழுத்தைச் சுற்றித் தையலிடுவது. சுருக்குப் பையின் வாயை நூலால் இறுக்குவது போன்றது இது. இம்முறையை உலகுக்குத் தந்தவர்களில் முன்னோடி எமது அயல் நாட்டவர். கோவாவில் பிறந்து பம்பாயில் பணியாற்றிய டொக்ரர் ஷிரோத்கர், தொடைத் தசையைப் போர்த்திருக்கும் உறுதியான சவ்விலிருந்து ஒரு பட்டையை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். அதைப் பற்றி அவர் 1955ஆம் ஆண்டு சென்னையிலிருந்து வெளிவந்த ‘அன்டிசெப்டிக்’ என்ற மருத்துவ இதழில் எழுதினார். 1957இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணைச் சேர்ந்த டொக்ரர் மக்டொனால்ட் இதைவிட எளிதான ஒரு தையல் முறையை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் இவ்விரு முறைகளுமே பெரும்பாலும் கையாளப்படுகின்றன.

வரலாற்றை வைத்தே முடிவு செய்தால் 12 முதல் 14 கிழமைகளுக்குள் தையலிடுவார்கள். ஐந்தாம் மாதத்தில்தான் முதன்முதலாகக் கிளினிக்குக்குப் போனால் இந்தச் சந்தர்ப்பம் கைநழுவிவிடும். ஸ்கானில் கழுத்து குறுகக் கண்டால் 24 கிழமைக்கு முன்னர் தையலிடுவது உண்டு. கழுத்து திறந்த பின்னும் சிலருக்கு அவசரமாகத் தைப்பார்கள். ஆனால் தொற்றோ பிரசவ நோவோ இருந்தால், பன்னீர்க்குடம் உடைந்திருந்தால் தைக்க முடியாது. பிறப்புறுப்பில் வைக்கும் புரொஜெஸ்ரரோன் என்ற ஹோர்மோன் மருந்தும் கழுத்து குறுகிய தாய்மாருக்குக் கொடுக்கப்படுகிறது.

தையல் எல்லோருக்கும் தேவையானதல்ல. 1993இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 12 நாடுகளைச் சேர்ந்த 1292 தாய்மார் பங்குபற்றினர். தையல் வேண்டுமா வேண்டாமா என்று வைத்தியர்கள் ஐயப்பட்ட தாய்மார் அவர்கள். 33 கிழமைக்கு முன் பிரசவித்தவர்கள் தையலிட்டோரில் நூற்றுக்கு 13 பேர். தையலிடாதோரில் நூற்றுக்கு 17 பேர். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவைகள் நடுமாத இழப்பையோ முந்திய பிரசவத்தையோ சந்தித்தவர்களிலேயே பயன் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே அயலவருக்குத் தைத்தார்கள், எனக்கும் தைக்க வேண்டும் என்று வற்புறுத்தக்கூடாது. இரட்டைப் பிள்ளைகள் என்ற ஒரே காரணத்துக்காகத் தையலிடுவதும் இல்லை.

மாதக்கணக்கில் பாயில் கிடப்பது கழுத்தைக் காக்கும் என்பதற்கும் சான்றில்லை. மாறாக, அசையாமல் கிடப்பதால் கால் நாளங்களில் குருதி உறையும் ஆபத்து உண்டு. வைத்தியர் சொன்ன அளவுக்கு ஓய்வெடுத்தால் போதும்.

தையல் இட்ட தாய்மார் மறக்கக்கூடாத இரண்டு விடயங்கள் உண்டு. முதலாவது, 36, 37 கிழமைகளில் அதை வெட்டி எடுக்க வேண்டும். அதற்கு முன் நோவு தொடங்கினாலோ நீர் உடைந்தாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இல்லையேல் தையல் கழுத்தைக் கிழித்துவிடும். இரண்டாவது, வெள்ளத்தாலோ வேறு காரணத்தாலோ இடம்மாற நேர்ந்தால் கிளினிக் அட்டையை உடலோடு வைத்திருங்கள். அது தொலைந்தாலும், போகும் இடத்தில் முதலில் காணும் வைத்தியரிடமோ தாதியிடமோ “எனக்குக் கருப்பைக் கழுத்தில் தையல் இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். கணவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த அறிகுறிகளைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்

நான்காம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் பின்வருவன தோன்றினால் மறுநாள் கிளினிக்வரை காத்திருக்கக் கூடாது:

அடிவயிற்றில் கீழ்நோக்கி அழுத்துவது போன்ற உணர்வு, முன்னில்லாத நாரி உளைவு, மாதவிலக்கு வரப்போவது போன்ற இலேசான நோவு, வெள்ளைபடுதல் திடீரெனக் கூடுதல் அல்லது நீராக, சளியாக, இளஞ்சிவப்பாக மாறுதல், சிறிதளவு குருதிக் கசிவு, நீர் ஒழுகுதல்.

இவை வேறு காரணங்களாலும் வரலாம். பல தாய்மாருக்கு ஒன்றுமில்லை என்றும் தெரியவரலாம். போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதால் நட்டமில்லை. வாகன வசதி இல்லாத இடங்களில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் ‘சுவசெரிய’ அம்புலன்ஸ் இலவசமாக வரும். இச்சேவை 2018 ஜூலையில் வட மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

கணவன்மாரே, கிளினிக்குக்கு மனைவியோடு செல்லுங்கள். வைத்தியர் சொல்வதை இருவரும் கேட்டால் ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவில் வைத்திருப்பார். விதைப்புக் காலமானாலும் அந்த ஒரு நாள் வயல் காத்திருக்கும்.

மாமிமாரே, அம்மாமாரே, உங்கள் சொல்லுக்கு வீட்டில் பலம் உண்டு. “உன்னால்தான் போனது” என்ற சொல்லைக் கேட்ட பெண் அடுத்த கர்ப்பத்தை மறைப்பாள். மறைத்தால் 12ஆம் கிழமை கடந்துவிடும். “நடந்ததைப் பயப்படாமல் டொக்ரரிட்டைச் சொல்லு பிள்ளை, நானும் வாறன்” என்று நீங்கள் சொன்னால், தையல் தேவையான தாய்க்கு அது உரிய நேரத்தில் கிடைக்கும்.

பிள்ளைகளை இழந்த சகோதரிகளே, போர்க்காலத்திலும் முகாமிலும் நீங்கள் இழந்த சிசுக்களுக்குக் கல்லறையும் இல்லை, பதிவும் இல்லை. அவர்களின் வரலாறு உங்கள் நினைவில் மட்டுமே இருக்கிறது. அதை ஒரு தாளில் எழுதி வைத்தியரின் மேசையில் வையுங்கள். போன பிள்ளையின் கதை வரப்போகும் பிள்ளைக்குக் காவலாக நிற்கட்டும்.